இரண்டேகால் பஸ்ஸும் ஐந்தாம் பொன்னாடையும்

அட்டைக்கு உப்பு இருக்கிறது. பனிக்குக் கம்பளி இருக்கிறது. கொழுந்து மலையில் சிறுத்தை படுத்திருந்தால், வனஜீவராசிக்காரர்கள் ஒருநாள் பிந்தியாவது வந்து கூண்டு வைத்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் நம் மலையகத்தில் பொகவந்தலாவை முதல் இறம்பொடை வரை மேட்டிலும் பள்ளத்திலும் தடையின்றி உலவும் ஒரு ஜீவராசிக்கு மட்டும் இன்றுவரை எந்தக் காப்பும் கண்டுபிடிக்கப்படவில்லை. அதற்குப் பெயர் பொன்னாடையார்.

பார்த்தவுடன் அடையாளம் காணலாம். வெள்ளைச் சட்டை. சட்டைப் பையில் இரண்டு பேனை. கையில் எந்நேரமும் சரசரக்கும் ஒரு பை; அதற்குள் கண்ணாடித்தாள் உறை பிரிக்காத பொன்னாடை ஒன்று. எதற்கு என்று கேட்கிறீர்களா? போகிற வழியில் யாராவது திடீரென்று எதையாவது சாதித்துவிட்டால் என்ன செய்வது? புலமைப்பரிசிலில் தேறிய பிள்ளை, ஓய்வு பெற்ற தபால்காரர், ஒரே பிரசவத்தில் மூன்று பெற்ற தாய், வெளிநாட்டிலிருந்து வந்து நான்கு நாள் தங்கிவிட்டு மறுபடி வெளிநாட்டுக்கே போகிறவர் என்று யார் தலை நீட்டினாலும் அந்தத் தலைக்குக் கீழே உள்ள தோள் பொன்னாடையாருக்குச் சொந்தம். தப்பிக்க ஒரே வழி, எதையும் சாதிக்காமல் இருப்பது. நம்மில் பலர் அந்த வழியில்தான் பத்திரமாக இருக்கிறோம்.

நல்ல காரியம்தானே என்கிறீர்கள். பாராட்டினால் யாருக்கு என்ன குறைந்துவிடும் என்கிறீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், தனுஷிகா கொழும்புக்குப் புறப்பட்ட சனிக்கிழமை வரை.

முதலில் நம் ஜீவராசியின் மாதிரி உருப்படியை அறிமுகம் செய்துவிடுகிறேன். பெயர் வீரய்யா. பஸாரில் ஹார்ட்வெயார் கடை. கலை, கலாசார, விளையாட்டு, பொதுநல மேம்பாட்டுச் சங்கம் ஒன்றின் தலைவர். சங்கத்தில் செயலாளர் பதவிக்குப் பதினோரு வருடமாக ஆள் தேடுகிறார்கள். நல்ல மனுஷர். யாரிடமும் கடுஞ்சொல் பேசாதவர். மைக் கையில் இல்லாத நேரங்களில் அதிகம் பேசவே மாட்டார்.

தனுஷிகா, தேயிலைத் தோட்டத்தின் மேல்கணக்குப் பிரிவில், தொழிலாளர் லயத்தில் இருக்கும் நாகலெட்சுமியின் மகள். வயது பத்தொன்பது. கூடைப்பந்துக்காரி. அதிலும் பொயின்ட் கார்ட். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அணியில் ஐந்து பேர். அதில் ஒருத்தி பந்தைத் தட்டித் தட்டி எதிர்ப்பக்கம் கொண்டுபோய், யார் எங்கே நிற்கிறாள், யாரை மறிக்க ஆள் இல்லை என்று ஒரு கண்ணால் பார்த்து, அவள் கேட்பதற்கு முன்பே அவள் கையில் பந்தை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். கூடையில் போடுபவள் வேறொருத்தி. கைதட்டு அந்த வேறொருத்திக்கு. இந்த வேலையை விரும்பிச் செய்கிறவர்கள் உலகத்தில் மிகக் குறைவு. சங்கங்களில் அறவே இல்லை.

இவள் எப்படி அந்த இடத்துக்கு வந்தாள்? பாடசாலை மைதானம்தான் காரணம். மைதானம் என்றால் மலைச்சரிவில் செதுக்கிய ஒரு சீமெந்துத் தரை. ஒரு பக்கம் வகுப்பறை, மறுபக்கம் தேயிலை, தேயிலைக்குக் கீழே இன்னும் தேயிலை, எல்லாவற்றுக்கும் கீழே ஆறு. பந்து கையை விட்டு அந்தப் பக்கம் போனால் அதற்கு அடுத்த தரிப்பு ஆறுதான். விளையாட்டு ஆசிரியை சிசிலி மிஸ்ஸிடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது. பந்தை விட்டவள் எவளோ, அவள்தான் இறங்கி எடுத்து வரவேண்டும். முதல் இரண்டு மாதம் தனுஷிகா மைதானத்தில் நின்ற நேரத்தைவிடச் சரிவில் நின்ற நேரம் அதிகம். கால் நிறைய அட்டைக்கடி. மூன்றாம் மாதம், இனி இந்தப் பந்தை எக்காரணம் கொண்டும் விடுவதில்லை என்று முடிவெடுத்தாள். ஒரு பொயின்ட் கார்ட் இப்படித்தான் உருவானாள்.

வலயமட்டத்தில் பாடசாலை வென்றது. வீரய்யா பையோடு வந்து இறங்கினார்.

"எத்தன கோல் போட்ட புள்ள?"

"நாலு புள்ளிதாங்க தலைவரே. பாஸ் குடுத்தது பதினாறு."

"பாஸ் குடுத்தா?"

"அதுல மத்த புள்ளைங்க போட்டாங்க."

வீரய்யா சங்கடப்பட்டார். "அப்ப அவங்களுக்குல்ல போத்தணும்?"

"அவங்களுக்கே போத்துங்க தலைவரே," என்றாள் தனுஷிகா. இப்படிச் சொல்கிற ஆளை அவர் அதற்கு முன் கண்டதில்லை. அந்த அதிர்ச்சியிலேயே இவளுக்குப் போர்த்திவிட்டார்.

அது முதல் பொன்னாடை. மாவட்டமட்டத்தில் இரண்டாவது. அதற்குக் கட்டிய பெனரில் வீரய்யாவின் படம் ஆளுயரம், தனுஷிகாவின் படம் முத்திரை அளவு, இரண்டுக்கும் நடுவில் ஒரு கரப்பந்து. மாகாணமட்டத்தில் மூன்றாவது. அன்றைக்குத் திறந்த லொறியில் ஏற்றி, தூறலில், மேளத்தோடு பஸாரை இரண்டு சுற்றுச் சுற்றினார்கள். அவளுக்கு ஐந்து நாள் காய்ச்சல், தேசியமட்டத்துக்கான பயிற்சி முகாமில் பாதி போயிற்று. (லொறிக்குப் பின்னால் கைதட்டிக்கொண்டு நடந்தவர்களில் நானும் ஒருவன். குடை வைத்திருந்தேன்.) தேசியமட்டத்தில் கால் இறுதியிலேயே வெளியேறினார்கள். அதற்கும் போர்த்தினார். நான்கு.

சிசிலி மிஸ் ஒருமுறை வாய் திறந்து கேட்டே விட்டார்.

"தலைவரே, எங்ககிட்ட இருக்கிறதே ரெண்டு பந்து. ஒண்ணு காத்து நிக்காது. பொன்னாடைக்குப் பதிலா ஒரு பந்து வாங்கித் தரலாமே?"

வீரய்யா உண்மையிலேயே யோசித்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார்.

"பந்தத் தோள்ல போத்த முடியாதே மிஸ்?"

இதற்கு மேல் உங்களுக்கு ஏதாவது வாதம் இருக்கிறதா?

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம். கூடைப்பந்தை மட்டுமே நம்பிச் சோறு சாப்பிடும் ஏற்பாடு நம் ஊர்ப் பெண்களுக்கு அவ்வளவாக வாய்ப்பதில்லை. கொழும்பில் சில கம்பனிகள் அணி வைத்திருக்கின்றன. அணிக்கு எடுத்தால் வேலைக்கும் எடுத்த மாதிரி: பகலில் மேசை, மாலையில் மைதானம், மாதம் பிறந்தால் சம்பளம். அப்படியொரு கம்பனியின் பொயின்ட் கார்ட் கல்யாணம் கட்டிக்கொண்டு கட்டாருக்குப் போகிறாள். ஓர் இடம் காலி. ஒரே ஓர் இடம். ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தெரிவு. எட்டு என்றால் எட்டு, பிந்தினால் கேற்றுக்கு வெளியே என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். சனி இரவு வத்தளையில் சித்தி வீட்டில் படுத்து எழும்ப வேண்டும். அதற்கு, பஸாரிலிருந்து இரண்டேகாலுக்குப் போகும் கொழும்பு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் வேறு; இதை விட்டால் ஹட்டனுக்குப் போய் மாறி ஏறலாம் என்பதெல்லாம் மலையேறிவிட்டு இறங்கும் கூட்டத்தைப் பார்க்காதவர்கள் பேச்சு. நாகலெட்சுமி நான்கு நாள் முந்தியே கண்டக்டரைப் பிடித்து ஜன்னலோரம் ஒரு சீட் சொல்லி வைத்திருந்தாள்.

இந்த விஷயத்தை அவள் சொன்னது பேக்கரியில் ஒரே ஓர் ஆளிடம். அன்று மாலையே வீரய்யா லய வாசலில் நின்றார். கையில் அச்சடித்த அழைப்பிதழ். 'வாழ்த்தி வழியனுப்பும் பெருவிழா.'

"அண்ணே, புள்ள இன்னும் போகவே இல்லீங்களே," என்றாள் நாகலெட்சுமி. "மொதல்ல தெரிவாகட்டும். வந்தப்புறம் வச்சுக்கலாங்க."

"தெரிவாகிட்டா கொழும்புக்காரங்க முந்திப் போத்திருவாங்க நாகலெட்சுமி. நாம முந்திக்கணும்."

"ரெண்டேகாலுக்கு பஸ்ஸுங்கண்ணே."

"பத்து மணிக்குத் தொடங்குனா பன்னெண்டுக்கு முடிஞ்சிரும். பிள்ள சோறு தின்னுட்டே போகலாம். நான் என்ன இன்னைக்கா விழா நடத்துறேன்?"

அதுதான் பயமே. அவர் இன்றைக்கு நேற்றைக்கு விழா நடத்துகிறவர் அல்லர்.

மறுத்திருக்கலாமே என்பீர்கள். லயத்துக் கூரைக்குத் தகரம் கடனுக்குக் கேட்டாலும் தேடி எடுத்துத் தருகிற ஒரே கடைக்காரரை, முகத்துக்கு நேரே, மரியாதை செய்ய வந்தவரை, வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் வாயிலிருந்து என்ன வரும்? நாகலெட்சுமியின் வாயிலிருந்தும் அதுதான் வந்தது. "சரிங்கண்ணே."

பத்து மணி விழா பதினொன்றரைக்கு ஆரம்பித்தது. பிரதம விருந்தினர் வரவில்லை. அவருக்குப் பதிலாக வந்தவர் வர அவ்வளவு நேரமாயிற்று. மங்கள விளக்குக்கு ஐந்து திரி, ஐந்து பிரமுகர்; ஒருவர் ஏற்றி அடுத்தவரிடம் மெழுகுதிரியைக் கொடுப்பதற்குள் கதவுப்பக்கக் காற்று முன்னவருடையதை அணைத்துவிடும்; அணைந்தவர் மரியாதை கருதி மறுபடி ஏற்றுவார்; இப்படி விளக்குக்கு மட்டும் இருபது நிமிடம். பிறகு மௌன அஞ்சலி. அதுதான் அன்றைய நிகழ்ச்சியிலேயே குறுகியது. பிறகு முன்பள்ளிச் சிறுமிகளின் வரவேற்பு நடனம், இடையில் பாட்டு நின்றுபோய், தொடக்கத்திலிருந்து மறுபடியும். வரவேற்புரை. வரவேற்புரை நிகழ்த்தியவரை வரவேற்று ஓர் உரை. வாழ்த்துரைகள். ஒருவர் வலைப்பந்து என்றார். இன்னொருவர், "மைதானத்தில் இவர் ஓடிய ஓட்டம்" என்று ஆரம்பித்துத் தாம் இளமையில் ஓடிய ஓட்டத்துக்கு வந்து அங்கேயே ஓடிக்கொண்டிருந்தார்.

தனுஷிகா மேடை நடுவில், மாலையோடு, கை கட்டி உட்கார்ந்திருந்தாள். காலுக்கடியில் அவளுடைய பயணப் பை. முன்வரிசையில் நாகலெட்சுமி, மடியில் சோற்றுப் பார்சல், கையில் போன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போனின் வெளிச்சத்தை மேடைப் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஒரு மணி. ஒன்று இருபது. ஒன்று நாற்பது.

சிசிலி மிஸ் மேடையோரம் போய் வீரய்யாவின் காதருகே குனிந்தார். நான் மூன்றாம் வரிசை, எல்லாம் கேட்டது.

"தலைவரே, நேரமாச்சு. அவளுக்கு மட்டும் போத்தி அனுப்பிருங்க."

"எப்படி மிஸ் அனுப்புறது? நாயகி போயிட்டா விழா யாருக்கு?"

"விழா அவள அனுப்பத்தானே?"

"அதான் மிஸ், அனுப்பிக்கிட்டுத்தானே இருக்கோம்!"

இரண்டு மணி. அறிவிப்பாளர் ரொஷான் மைக்கைத் தட்டினான். ஒலிபெருக்கியும் அவனுடையதுதான், நேரம் கூடினால் அவனுக்குக் கஷ்டமில்லை. "அடுத்து, பெருமதிப்புக்குரிய நம் தலைவர் அவர்கள் பொன்னாடை போர்த்தி, அதனைத் தொடர்ந்து தலைமையுரை நிகழ்த்தி, அதனைத் தொடர்ந்து..."

போர்த்தினார். ஐந்தாவது. ஓரத்தில் ஒரு மஞ்சள் கறை. போன வருடம் தபால்காரருக்குப் போர்த்தப்பட்டு, அவர் மருமகனுக்கு மாப்பிள்ளை அழைப்பில் போய், எப்படியோ ஊர் சுற்றிப் பைக்கே திரும்பி வந்த அதே பொன்னாடை. படம் எடுத்தார்கள். எடுத்தவர் கையசைந்துவிட்டதென்று மறுபடி கழற்றிப் போர்த்தச் சொன்னார். இரண்டு மணி ஆறு நிமிடம். கீழே பஸாரில் கொழும்பு பஸ் ஹோர்ன் அடித்து ஆள் கூப்பிடுவது மண்டபத்துக்குள் கேட்டது. நாகலெட்சுமி எழுந்துவிட்டாள். ஆனால் எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றாள்.

அப்போதுதான் தனுஷிகா மேடையைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் பார்க்கவில்லையா என்றால், இருந்தாள், பார்க்கவில்லை. இப்போது பார்த்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு கண். யார் எங்கே நிற்கிறார், யார் கை சும்மா இருக்கிறது, யாரை மறிக்க ஆள் இல்லை. பிறகு ரொஷான் பக்கம் சாய்ந்தாள்.

"அண்ணே, ஊருக்கெல்லாம் போத்துறாரு தலைவர். அவருக்கு இதுவரைக்கும் யாராச்சும் போத்தியிருக்காங்களா?"

ரொஷான் அவளைப் பார்த்தான். வீரய்யாவைப் பார்த்தான். மைக் வைத்திருக்கும் ஒருவனிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது.

"சபையோர்களே!" என்றான். "பதினோரு வருடங்கள்! எத்தனை தோள்கள்! ஆனால் அந்தப் பொற்கரங்களுக்குரிய தோளை இந்த மண் கண்டுகொண்டதா?"

மண்டபம் திடுக்கிட்டது. உண்மையில் யாரும் கண்டுகொண்டதில்லை. தனுஷிகா ஏற்கெனவே எழுந்து, தன் தோளில் இருந்ததை உருவி, இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஐயையோ, வேணாம் வேணாம் புள்ள," என்றார் வீரய்யா. "எனக்கெதுக்கு? நான் யாரு?" வாய் வேண்டாம் என்றது. கழுத்து அதற்குள் குனிந்துவிட்டது.

போர்த்தினாள். கைதட்டல் தகரக் கூரையில் மழை மாதிரி விழுந்தது. வீரய்யாவின் கண் கலங்கியது. கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கலங்கியது. அவள் குனிந்து காலைத் தொட்டாள். நிமிரும்போது ரொஷான் கையிலிருந்த மைக் எப்படியோ வீரய்யாவின் கைக்கு வந்திருந்தது. அவர் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்பே வந்துவிட்டது.

"என்ன பேசுறதுன்னே தெரியல..." என்று ஆரம்பித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த ஜீவராசி பேசும்போது கண்ணை மூடும். இது முக்கியமான குறிப்பு. எங்காவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தனுஷிகா இரண்டடி பின்னால் வைத்தாள். பை கையில். மாலை கதிரையில். விளக்கைச் சுற்றி, மேடைப் படியை மிதிக்காமல் குதித்து, முதல் வரிசைக்கும் இரண்டாம் வரிசைக்கும் இடையால் உடம்பைப் பக்கவாட்டில் நுழைத்து, எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்த ஒரு பெரிய மனிதரை இடப்பக்கமாக ஏமாற்றி வலப்பக்கமாகக் கடந்து, தாயின் கையிலிருந்த சோற்றுப் பார்சலை ஓடுகிற ஓட்டத்திலேயே வாங்கிக்கொண்டு வாசலைத் தாண்டினாள். ஒருவர்மீதும் படவில்லை. மேடையில் ஒருவரும் திரும்பவில்லை. எல்லாக் கண்ணும் பொன்னாடையின்மேல்.

பஸ் நகர ஆரம்பித்திருந்தது. கண்டக்டர் தொங்கிக்கொண்டே கையை நீட்டினான் என்றும், "ஏன் தங்கச்சி, வீட்டுல சண்ட போட்டுக்கிட்டா வாற?" என்று கேட்டான் என்றும் பிறகு அறிந்தோம். "இல்லண்ணே, வாழ்த்தி அனுப்புறாங்க," என்றாளாம்.

மண்டபத்தில் வீரய்யா கண்ணைத் திறந்தபோது மணி மூன்று.

"எங்கப்பா பிள்ள?"

"போயிருச்சுங்க தலைவரே," என்றான் ரொஷான்.

"எப்ப?"

"நீங்க சின்ன வயசுல வட்டகொடை ஸ்டேஷன்ல பெட்டிய தவற விட்ட கதைய ஆரம்பிச்சப்ப."

எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம். அவர் காலியான கதிரையைப் பார்த்தார். அதன்மேல் கிடந்த மாலையைப் பார்த்தார். தோளைத் தடவினார். பிறகு மைக்கில், "அந்தப் பெட்டி..." என்று தொடர்ந்தார்.

ஞாயிறு பின்னேரம் சிசிலி மிஸ்ஸுக்குப் போன் வந்தது. பதினேழு பேர் வந்திருந்தார்களாம். இவளைத்தான் எடுத்தார்களாம். கம்பனியின் பயிற்சியாளர், நாற்பது நிமிடம் ஆடியும் ஒருமுறைகூடப் பந்தை விடவில்லையே, எங்கே பழகினாய் என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறார். "விட்டா ஆத்துல எறங்கி எடுக்கணும் சேர்," என்று அவளும் சிங்களத்திலேயே சொல்லியிருக்கிறாள். அவருக்குச் சொற்கள் விளங்கின. விஷயம் விளங்கியிருக்காது.

வீரய்யா இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம், "நான்தான் அந்தப் பிள்ளைய அனுப்பி வச்சேன்," என்கிறார். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. யோசித்தால், மறுக்க முடியவில்லை. பந்தை அவர் கையில் கொடுத்தாள். அவர் போட்டார். கைதட்டு அவருக்கு. பொயின்ட் கார்ட் என்றால் அதுதானே? அந்தப் பொன்னாடையை அவர் இன்னும் பைக்குள் திருப்பி வைக்கவில்லையாம். மாலையில் கடையைப் பூட்டிவிட்டு வந்து வீட்டுக்குள் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம், குளிருக்கு என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டு. அதில் பந்து வாங்க மறுத்த குற்றமெல்லாம் பாதி மன்னிக்கப்பட்டுவிடுகிறது. மீதிப் பாதிக்கு, பாடசாலையில் இன்னும் இரண்டே பந்துதான். ஒன்று காற்று நிற்காது.

இவ்வளவும் வாசித்துவிட்டு, நல்லவேளை, நான் வீரய்யா இல்லை, எனக்குச் சங்கமும் இல்லை, மைக்கும் இல்லை என்று காலை நீட்டிக்கொள்கிறீர்கள். நீட்டுங்கள். ஒரு சின்னச் சந்தேகம் மட்டும். நடுவில் அந்தப் பெண் தெரிவாகிவிட்டாள் என்று படித்த இடத்தில், நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்து, 'நம்ம பிள்ளை' என்று உங்களுக்குள் ஏதோ சொல்லவில்லையா? சித்திரை வருடப்பிறப்புக்கு மூன்றே நாள் லீவில் வருகிறாள் என்று நான் இப்போது சொன்னதும், எங்கள் கோயிலடிக்கும் ஒருதரம் கூப்பிட்டால் என்ன, பெரிதாக ஒன்றும் வேண்டாம், சும்மா ஒரு அரைமணி நேரம், நாலு பேர் இரண்டு வார்த்தை பேசி, ஒரு படம் எடுத்து என்று மனது கணக்குப் போடவில்லையா? அலுமாரியின் மேல்தட்டில், உங்களுக்கு எப்போதோ யாரோ போர்த்தியது, உறைகூடப் பிரிக்காமல் கிடப்பது நினைவுக்கு வந்திருக்குமே?

எடுங்கள். தூசி தட்டுங்கள். தப்பே இல்லை. ஆனால் அதை விரிப்பதற்கு முன்னால் அந்தப் பிள்ளையிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: திரும்பிப் போக பஸ் எத்தனை மணிக்கு?